இன்ஜின் ஓடிக்கொண்டே நின்ற ஜீப்பு

அண்ணே,

இன்று காலையும் மூக்கைச் சிந்தினேன். கறுப்பாகத்தான் வந்தது. வெள்ளைத் துண்டின் ஓரத்தில் அது ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போனவர்களை நினைக்க மற்றவர்களுக்கெல்லாம் பூ இருக்கிறது, ஊதுபத்தி இருக்கிறது, மாலை போட்ட போட்டோ இருக்கிறது. எனக்கு வாய்த்தது மூக்குச்சளி.

இருந்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். "இங்கிட்டுக் கொண்டா ஆத்தா, பாக்குறேன். ம், இன்னைக்கு இருபது ஜீப்பு நிக்குது" என்று சொல்லியிருப்பீர்கள். சளியின் நிறத்தை வைத்து ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைச் சொல்வது உங்கள் வேடிக்கை. ஜீப்பில் இருக்கிற பெண்கள் எல்லோரும் "சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சிரிப்போம். சிரித்தோமே தவிர, அந்தக் கறுப்பு எங்கேயெல்லாம் போய் ஒட்டுகிறது என்று ஒருத்திகூட யோசித்ததில்லை.

இன்று உங்கள் தலைத்திவசம். உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேராக வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நான் வழக்கம்போல எல்லோரையும் மன்னித்துவிடுவேன், என்னையும் சேர்த்து.

பதினோரு வருஷம் உங்கள் ஜீப்பில் மலை ஏறினேன். சிலமலையிலிருந்து முதல் பஸ்சில் போடி வந்து இறங்கும் பதினான்கு பெண்களுக்கு நான் கங்காணி. காய் எடுக்கவும் களை பறிக்கவும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தலை எண்ணி ஏற்றுவது என் சோலி. ஏற்றினவர்களைப் போடிமெட்டு வளைவுகளில் குலுக்காமல் கொண்டுபோய்த் தோட்டத்தில் இறக்குவது உங்கள் சோலி. நாம் இரண்டு பேரும் பேசின பேச்செல்லாம் அந்த வளைவுகளில்தான். கீழே இறங்கிவிட்டால் நீங்கள் யாரோ, நான் யாரோ.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று நான் எத்தனை பேரிடம் விவரித்துவிட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு பக்கமும் மாடி வீடு, நடுவில் மூன்று ஜீப்பு ஒட்டி நிற்கும் அகலம். விடியுமுன்னே ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். கடைசி ஆள் வந்து ஏறும்வரை ஒரு வண்டியும் இன்ஜினை நிறுத்தாது. பழைய டீசல் வண்டிகள். குளிரில் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. ஒரு மணி நேரம் அப்படியே உறுமிக்கொண்டு நிற்கும். அது போதாதென்று குளிர் காய அட்டைப்பெட்டியும் கிழிந்த டியூபும் போட்டுக் கொளுத்துவார்கள். மார்கழி, தை மாதங்களில் மலையிலிருந்து இறங்குகிற பனி ஊர்மேல் மூடிபோட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும், புகை மேலே ஏறாது. உங்கள் வீடு அதே சந்தில் மாடியில். சன்னலுக்கு நேர் கீழே ஜீப்பின் புகைக்குழாய். தூங்கினாலும் அதே புகை, எழுந்து சோலிக்கு வந்தாலும் அதே புகை. மதினி கொடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் கரி பறக்கும்.

நீங்கள் போவதற்கு முந்தின ஆடியில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். டிரைவர்கள் எல்லோரும் மாத்திரை வாங்குவதற்காகவே வரிசையில் நின்றீர்கள். உங்கள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ், அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டிப் பார்த்தாராம். மறுநாள் வளைவு ஏறும்போது என்னிடம் சொன்னீர்கள்.

"பிரஷர் கூடக் கெடக்காம் ஆத்தா. சரக்க விடணுமாம். மாத்திரைய விடக் கூடாதாம். அப்புறம் இந்தப் பொகைக்குள்ள நிக்கிறதையும் கொறைக்கணுமாம். பொகை நெஞ்சுக்கு மட்டும் இல்லையாம், மூளைக்குப் போற ரத்தக் கொழாயையும் கெடுக்குமாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொகையில நிக்காம டிரைவரு எங்க நிக்கிறது, குரங்கணிக் காட்டுலயா?" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, வண்டியைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். "ஆத்தா, நான் விட்டுட்டேன். யாருட்டயும் சொல்லல, ஒன்ட்ட மட்டும் சொல்றேன்." நான் கேட்டது, "எத்தனாவது தடவைண்ணே?" ஏற்கெனவே மூன்று தடவை கோயிலுக்கு மாலை போட்டுக் குடியை விட்டு, மூன்று தடவையும் மாலையைக் கழற்றின அன்றைக்கே தொடங்கினவர் நீங்கள். அதனால் இந்தத் தடவை சத்தமில்லாமல் விட்டிருக்கிறீர்கள். அது எனக்கு உறைக்கவில்லை.

அப்போதிருந்துதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினீர்கள். சந்தில் ஆட்களுக்காகக் காத்திருக்கும்போது சாவியில் கையை வைத்துக்கொண்டு, "ஆஃப் பண்ணட்டா ஆத்தா?" என்பீர்கள். ஒருநாள் நான் பதில் சொல்லுமுன்னே நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் வண்டி எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்து முனைவரை தள்ளினோம். மற்ற ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் விசில் அடித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் நீங்கள் சாவியில் கையை வைத்ததும் நான் கத்தினேன். "சும்மா இருங்கண்ணே. ஒங்க ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டா பொகை போயிருமாக்கும்? எங்களால தள்ள முடியாது."

நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். ஆனாலும் கேட்பதை விடவில்லை. வாரத்துக்கு ஒருநாளாவது கேட்பீர்கள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்பேன்.

தை மாதம் அந்தக் காலையை நான் எப்படி எழுதுவது? எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதி அடித்துவிட்டேன். இன்று அடிக்கப் போவதில்லை.

அன்று பனி கனமாக இருந்தது. எதிர் வரிசையில் நிற்கிற ஜீப்பின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கண் எரிந்தது. நீங்கள் மாடிப்படியில் இறங்கி வந்தீர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு. சாவி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தீர்கள், மறுபடியும் விழுந்தது. "என்னண்ணே" என்றேன். பதில் சொன்னீர்கள், வார்த்தை சேர்ந்து வரவில்லை. பக்கத்து ஜீப்பின் ராசிங்காபுரத்து டிரைவர் சத்தமாகச் சிரித்தான்.

"மாப்ளைக்கு ராத்திரி அடிச்சது இன்னும் எறங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம் வந்தது. விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னாரே, என்னையும் ஏமாற்றினாரே என்ற ஆத்திரம். டீக்கடையில் மோர் வாங்கி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொண்டுவந்து உங்கள் வாயில் வைத்தேன். பாதிதான் உள்ளே போனது. மீதி வலது கடைவாய் வழியாக வழிந்து சட்டையில் இறங்கியது. என் துண்டால் துடைத்துக்கொண்டே திட்டினேன். "பச்சப் புள்ளையா நீங்க? வெக்கமா இல்ல?" நீங்கள் இடது கையைத் தூக்கி இல்லை இல்லை என்று ஆட்டினீர்கள். வலது கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன் அண்ணே. பார்த்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமே இல்லை. பார்த்தும், குடித்தவன் கை தொங்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஸ்டாண்டில் இது வாடிக்கை. காலையில் தெளியாமல் வருகிற டிரைவரை ஓரமாகக் கிடக்கும் ஓட்டை ஜீப்பில் படுக்க வைத்துவிட்டு, வேறொருவர் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாரும் வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். மானத்தைக் காப்பாற்றுகிறோமாம். உங்களையும் அப்படித்தான் படுக்க வைத்தோம். உங்கள் வண்டியை ராசிங்காபுரத்தான் எடுத்தான், அவன் வண்டிக்கு அவன் தம்பி ஏறினான். குளிர் அடிக்கக் கூடாது என்று நான்தான் படுதாவை இழுத்து இறுக்கிக் கட்டினேன். அந்த ஓட்டை ஜீப்புக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. உங்கள் வீடு பத்துப் படி மேலே. மதினி அடுப்படியில் இருந்திருப்பார். ஒரு குரல் கொடுத்திருந்தால் இறங்கி வந்திருப்பார்.

தோட்டத்தில் போன் எடுக்காது. மத்தியானம் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று மதினி தேடிக்கொண்டு போய்ப் படுதாவை அவிழ்த்திருக்கிறார்.

பெரியாஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த வார்டில் உங்களையும் சேர்த்து வரிசையாகக் கட்டில்கள், எல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஆட்கள். இடம் இல்லாமல் தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். நம் சந்து முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் உங்களுக்கு இரண்டு கட்டில் தள்ளிக் கிடந்தார், அவர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. டாக்டர் சின்னப் பெண். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். நான் சொன்னேன். குடித்திருந்தாரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மதினி சொன்னார்.

"ஆறு மாசமாத் தொடலம்மா. ஒரு சொட்டுத் தொடல."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒன்ட்டச் சொன்னேன்னாரே. நீயுமா நம்பல?"

டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டே, விடியக்காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டு அடைப்பைக் கரைத்துப் பார்த்திருக்கலாம், அதற்கான நேரம் எப்போதோ போய்விட்டது என்றார். பீடி, சிகரெட் உண்டா என்றார். இல்லை. என்ன வேலை, வீடு எங்கே என்றார். சொன்னோம். பேனாவை நிறுத்திவிட்டுப் பஞ்சர் கடைக்காரர் கட்டிலைப் பார்த்தார். "ஒருத்தர எடுத்துக்கிட்டு இவருக்குப் புகையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. பிரஷர் இருந்திருக்கு. ஆனா புகை அதோட சேந்தா ஆகாது. பனி மூடுற மாசத்துல எங்களுக்கு இந்த வார்டு பத்தாது." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாள் கிடந்தீர்கள். பேச்சு வரவேயில்லை. நான் வந்து நிற்கும்போதெல்லாம் இடது கையை லேசாக ஆட்டினீர்கள். இல்லை, இல்லை என்று. எனக்கு வேறு விதமாகப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

ஊர் அதற்குள் முடிவுகட்டிவிட்டது. குடித்துச் செத்தான். டீக்கடையில் அதுதான் பேச்சு, பஸ்சில் அதுதான் பேச்சு. கருமாதி அன்று படையலில் இட்லி, கறிக்குழம்பு, வெற்றிலை எல்லாம் வைத்தார்கள். அப்புறம் டிரைவர்கள் கூட்டமாக வந்து, ரொம்பப் பாசத்தோடு, ஒரு குவார்ட்டர் பாட்டிலை இலைக்கு முன்னால் வைத்தார்கள். இருந்தபோது பிடித்ததைப் படைப்பதுதானே வழக்கம். உங்கள் மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மதினி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மோர் கொடுத்தது யார், படுதா கட்டியது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

வாயைத் திறக்க முடியாதவள் மனு எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டாவது வரை படித்தது அதற்காவது உதவட்டும் என்று. சந்தில் இன்ஜினை ஓட விட்டு நிற்கக் கூடாது, ஸ்டாண்டை ஊருக்கு வெளியே திறந்த இடத்துக்கு மாற்ற வேண்டும், குப்பை கொளுத்தக் கூடாது. மூன்றே கோரிக்கை. ஓர் அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னொன்றில், எல்லா ஜீப்பிலும் புகைச் சான்று இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார்கள். மூன்றாவதில் இருந்தவர் மனுவை முழுக்கப் படித்தார், அதற்காகவே அவரை நான் நம்பினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "பொகைன்னா டெல்லின்னு சொல்லுங்க, மெட்ராஸ்னு சொல்லுங்க. மலையடிவாரத்துல என்னம்மா பொகை? ஊர்ல இருக்கவன் பூரா நல்ல காத்து வாங்க இங்கதான் வர்றான்."

அவரை ஒருநாள், ஒரே ஒருநாள், தை மாத விடியலில் உங்கள் சன்னலில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காற்று வாங்க வருகிறவர்கள் வெயில் ஏறின பிறகு வருகிறார்கள். மலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் டீயில் போட்டுக் குடிக்கிற ஏலக்காயைப் பறிக்க ஆள் எந்தச் சந்திலிருந்து ஏறுகிறது என்று அவர்களுக்கு எதற்கு? ஒருநாள் யாரோ அதிகாரி வந்தார். அன்று மட்டும் இருபது ஜீப்பும் அமைதியாக நின்றன. சந்தில் குருவிச் சத்தம் கேட்டது. படம் எடுத்தார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி.

ஆவணியில் மனு எழுதுவதை நிறுத்தினேன். உங்கள் வண்டியை இப்போது ராசிங்காபுரத்தான்தான் ஓட்டுகிறான். அவனிடம் போய், நம் வண்டியையாவது நிறுத்து என்றேன். அவன் கேட்டது சரியான கேள்வி. "நிறுத்துறேன். நீங்க தள்ளுவீகளா?" பெண்களிடம் சொன்னேன். சண்டை வந்தது. உங்களிடம் நான் சொன்ன அதே வார்த்தையைத்தான் என்னிடம் சொன்னார்கள், ஒரு வண்டியை நிறுத்திவிட்டால் புகை போய்விடுமா என்று. முட்டிவலிக்காரி ஒருத்தி வேறு ஜீப்புக்கே போய்விட்டாள். மீதிப் பேர் திட்டிக்கொண்டே தள்ளுகிறார்கள். தள்ளாமலே வண்டி எடுக்கிற நாளும் உண்டு, எடுக்காத நாள்தான் அதிகம். விசில் இன்னும் அடிக்கிறார்கள். இன்று காலையும் தள்ளினோம். மற்ற வண்டிகள் எப்போதும்போல் உறுமிக்கொண்டு நின்றன. தள்ளி முடித்து மூச்சு வாங்கினபோதுதான் மூக்கைச் சிந்தினேன். கறுப்பு குறையவில்லை அண்ணே. நான் சொன்னது சரிதான், ஒரு வண்டியை நிறுத்தியும் புகை போகவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

பெண்களை ஏற்றி அனுப்பிவிட்டு நான் இன்று கீழேயே நின்றுகொண்டேன். மத்தியானம் உங்கள் வீட்டில் இலை போட்டார்கள். எனக்குத் தெரியும், வரும் என்று. ராசிங்காபுரத்தான் இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து, துண்டால் துடைத்து, உங்கள் போட்டோவுக்கு முன்னால் வைத்தான். போன தடவை மாதிரியே பாசத்தோடுதான்.

நான் எழுந்து போய் அதை எடுத்துவிட்டேன்.

"என்ன செய்ற நீ? அவருக்குப் புடிச்சது" என்றான்.

"புடிச்சிருந்துச்சு. சாகுறதுக்கு ஆறு மாசம் முந்தியே விட்டுட்டாரு. ஏங்கிட்டச் சொன்னாரு. நான் நம்பல. அன்னைக்கு அவரு குடிக்கல. கை வெளங்காம, வாய் கோணிப் போயி நின்னாரு. நாமதான் தூக்கிப் படுக்க வச்சோம்."

பின்னாலிருந்து ஒருவர், "செத்தவரப் பத்தி இப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்றார். ராசிங்காபுரத்தானின் முகம் கறுத்துவிட்டது. மெதுவாகக் கேட்டான், "மோரு நீதான கொண்டாந்த?"

"ஆமா. நான்தான். படுதாவக் கட்டுனதும் நான்தான்."

அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. சொல்லி முடித்த பிறகு பாட்டிலைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உங்கள் மகள் வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். நேராக அடுப்படிக்குப் போய்ச் சாக்கடைக் குழியில் கவிழ்த்துவிட்டு வந்து, இலைக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ வைத்தாள். மதினி என்னை மன்னித்தாரா என்று தெரியாது. எனக்குச் சோறு போடும்போது கரண்டி கொஞ்சம் தயங்கியது, பிறகு போட்டார்.

கீழே இறங்கும்போது ராசிங்காபுரத்தான் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நாளைக்கு எத்தனை மணிக்கு வர என்று கேட்டான். எப்போதும்போல வா என்றேன். இதனால் எல்லாம் சந்து மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. அடுத்த பனியில் அந்த வார்டு மறுபடியும் நிறையும். நம் சந்திலிருந்து யாராவது ஒருவர் வாய் குழறிக்கொண்டு இறங்கி வருவார். அப்போது சிரிப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்க்க நானாவது அங்கே இருப்பேன்.

என் உள்ளங்கையில் உங்கள் ஜீப்பின் பின்கதவுத் துரு ஏறிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போவதில்லை. விடியக்காலையில் அந்தக் கதவில் கையை வைத்து நிற்கும்போதெல்லாம், முன்னால் ஸ்டியரிங்கில் இருப்பது நீங்கள்தான் என்று ஒரு நொடி தோன்றும். சாவியில் கையை வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, ஆஃப் பண்ணட்டா ஆத்தா என்று கேட்கிறீர்கள்.

பண்ணுங்கண்ணே. நாங்க தள்றோம்.